உன் மருமகன் ஆடும் ஆட்டம்

ஸ்கார்பரோ, டொராண்டோ

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே நீ, அண்ணி, அம்மா, பிள்ளைகள் நலம்தானே? போனில் பேசினால் சண்டையில்தான் முடியும், அதனால் எழுதுகிறேன். உன் மருமகன், அதான் என் பையன், தலையில் வரிவரியாகப் பின்னிக்கொண்ட போட்டோவைப் பார்த்துவிட்டு அம்மா ராத்திரி சாப்பிடவே இல்லை என்று அண்ணி சொன்னாங்க. நீயோ, "அந்தக் கருப்புப் பசங்க சகவாசம் எதுக்கு, ஆட்டத்தை மட்டும் ஆடிட்டு வரவேண்டியதுதானே" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறாய். வ.உ.சி. பூங்கா பக்கத்து பாஸ்கெட்பால் கோர்ட்டில் லைட்டை அணைக்கும்வரை கிடந்தவன் நீ. கூட ஆடுகிறவனை விலக்கி வைத்துவிட்டு அவனுக்கு எப்படிப் பாஸ் போடுவது, நீயே சொல்.

முடிக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னிவிட்டது அவன் ஸ்கூல் பாஸ்கெட்பால் டீமில் பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற இடம், ஆடும் பையனின் அம்மா. ஜமைக்காக் குடும்பம். முதியோர் இல்லத்தில் வேலை, சனிக்கிழமைதான் லீவு. நானும் போயிருந்தேன். அவர் சோபாவில் உட்கார, இவன் கீழே, அவர் முழங்கால்களுக்கு நடுவில். சீப்பின் வால்முனையால் வகிடெடுத்து, மண்டையோடு ஒட்டினாற்போல் இறுக்கிக்கொண்டே போனார். நம்ம வீட்டு முடி வழுக்குகிறது, ஜெல் தடவித் தடவித்தான் பிடி கிடைத்தது. இழுத்த இழுப்பில் இவன் கண்ணில் தண்ணீர். தலையை ஆட்டினால் நங்கென்று ஒரு குட்டு. ஸ்கூல் நாளில் அம்மா எனக்கு ரெட்டை ஜடை போட்டுவிட்டது அப்படியே! கடைசியில் வகிடுகளில் வைக்க அலமாரியிலிருந்து அவர் எடுத்தது தேங்காய் எண்ணெய் பாட்டில். அம்மாவிடம் இதை மட்டுமாவது சொல்.

பின்னி முடித்துவிட்டு அவனிடம் மெதுவாகச் சொன்னார்: "இதோட நீ வெளியே போனா ஸ்டைலா இருக்குன்னு சொல்வாங்க. என் பையன் போனா கடைக்காரன் பின்னாலேயே வருவான். அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போட்டுக்க." பையன் பதில் பேசவில்லை. பஸ்ஸில் வரும்போதும் பேசவில்லை.

அவர் சொன்னது என்ன என்று அடுத்த மேட்சிலேயே பார்த்தோம். வெளியூர் ஸ்கூல் ஒன்று. இவன் ஃப்ரீ த்ரோ போட நின்றபோது எதிரணிப் பையன் ஒருவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, நம்மவர்கள் இங்கிலீஷ் பேசுவதுபோல் ராகம் போட்டுக் கறி நாற்றம், அது இது என்று பேசினான். கேலரியில் எனக்கே கேட்டது. ரெஃப்ரிக்குக் கேட்கவில்லையாம். இவன் பந்தைத் தட்டிக்கொண்டே நின்றான். அந்த ஜமைக்காப் பையன்தான் போய், கையை ஓங்காமல், தொடாமல், "என்ன சொன்னே, இன்னொரு தடவை சொல்" என்று கேட்டான். விசில். நடத்தை சரியில்லை என்று கொடுக்கும் டெக்னிக்கல் ஃபவுல் யாருக்கு என்கிறாய்? கேட்டவனுக்கு. பேசினவன் சிரித்துக்கொண்டே தன் இடத்துக்குப் போனான்.

இதெல்லாம் ஸ்கூல் பிள்ளைகளோடு முடிகிற சமாச்சாரம் இல்லை. 2019 ஜூன் 13, இந்த ஊர் ராப்டர்ஸ் அணி இறுதித் தொடரில் கோல்டன் ஸ்டேட் அணியை 4-2 என்ற ஆட்டக் கணக்கில் ஜெயித்து, அமெரிக்க, கனடா அணிகள் ஆடும் பெரிய லீக்கான என்.பி.ஏ.வின் கோப்பையை வாங்கிய ராத்திரி. அணியின் அப்போதைய பிரசிடென்ட் மசாய் உஜிரி, நைஜீரியாவில் வளர்ந்தவர், தன் ஆட்டக்காரர்களைக் கட்டிக்கொள்ள அமெரிக்காவின் ஓக்லண்ட் அரங்கில் கோர்ட்டுக்குள் போகிறார். ஒரு ஷெரிஃப் காவலர் மறித்துத் தள்ளுகிறார். அப்புறம் உஜிரிதான் தன்னைத் தாக்கினார் என்று அந்தக் காவலரே வழக்கும் போட்டார். 2020-ல் காவலரின் உடையிலிருந்த கேமரா வீடியோ வெளியே வந்த பிறகுதான் முதலில் தள்ளியது யார் என்று ஊருக்குத் தெரிந்தது. கோப்பை வாங்கிய அணியைச் சேர்த்து உருவாக்கியவருக்கே அந்தக் கதி.

இங்கே நம்ம ஆட்கள் சிலர் இதைப் பேசும்போது "ஐயோ பாவம்" என்பார்கள். அடுத்த வாயிலேயே "பையனை அந்த ஏரியாப் பக்கம் விடாதீங்க" என்பார்கள். வெள்ளைக்காரன் நம்மைப் பார்த்து மூக்கைப் பிடித்தால் இனவெறி, நாம் பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்து முகம் சுளித்தால் பிள்ளை வளர்ப்பு! நீயும் அந்தப் பக்கம் சேர்ந்துகொண்டதுதான் எனக்கு வருத்தம்.

"அது அவங்க ஆட்டம்" என்றும் சொல்லியிருந்தாய். யாருடையது அண்ணா? கண்டுபிடித்த நெய்ஸ்மித் இந்த ஒண்டாரியோவில் பிறந்த வெள்ளைக்காரர். 1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் வாத்தியாராக இருந்தபோது பீச் பழக்கூடையை மாட்டி ஆரம்பித்தது. அதே பள்ளியில் படித்த பக் துரைதான் 1920-ல் மெட்ராஸில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். உன் பி.டி. மாஸ்டர் நந்தனத்தில் படித்தேன் என்று பெருமையடிப்பாரே, அதுதான். இப்போதைய என்.பி.ஏ. தன் முதல் ஆட்டமாகக் கணக்கு வைத்திருப்பதும் 1946 நவம்பரில் இதே டொராண்டோவில் நடந்ததுதான். அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளம் இன்று சூப்பர் மார்க்கெட். போன வாரம் அங்கேதான் கத்தரிக்காய் வாங்கினேன், நல்லாவே இல்லை.

அந்த லீக்கில் முதலில் வெள்ளையர்கள் மட்டும்தான். 1947-ல் நியூயார்க் நிக்ஸ் அணி வாட் மிசாகா என்ற ஜப்பானிய வம்சத்துப் பையனைச் சேர்த்தது. உயரம் ஐந்தடி ஏழங்குலம், உன்னைவிடக் குள்ளம். போர்க் காலத்தில் ஜப்பானிய வம்சத்தவர்களை முகாம்களில் அடைத்த நாட்டிலேயே யூட்டா பல்கலைக்கழகத்துக்காக ஆடிக் கோப்பை வாங்கியவர். நிக்ஸில் மூன்றே ஆட்டம், அதோடு அனுப்பிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பி இன்ஜினியர் ஆனார். கருப்பின ஆட்டக்காரர்கள் உள்ளே வந்தது 1950-ல்தான். வந்தவர்கள் ஆட்டத்தையே வேறாக்கிவிட்டார்கள், அது வேறு விஷயம்.

பையனுக்கு ஜெரமி லின்னைப் பிடிக்கும். தைவான் வம்சம், ஹார்வர்டில் படித்தவர். புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2010 டிராஃப்டில் எந்த அணியும் எடுக்கவில்லை. 2012 பிப்ரவரியில் நிக்ஸுக்காகப் பொளந்துகட்டினார், லேக்கர்ஸ் அணிக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் 38 புள்ளி. அவர் 2017-ல் டிரெட்லாக்ஸ் என்ற சடைமுடி வைத்தபோது கென்யன் மார்ட்டின் என்ற பழைய ஆட்டக்காரர், இவன் கருப்பனாக ஆசைப்படுகிறான் என்று கிண்டலடித்தார். லின் எகிறவில்லை. உங்கள் உடம்பில் சீன எழுத்துப் பச்சை இருக்கிறதே, அதை நான் மரியாதையாகத்தான் எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதினார். இதை எனக்குச் சொன்னவன் உன் மருமகன். முடியைப் பின்னிக்கொள்வதற்கு முன்னாலேயே படித்து வைத்திருக்கிறான். அவனை நான் என்னத்தைத் திட்ட?

என்.பி.ஏ.க்குப் போவானா என்று கேட்டாயே, போகமாட்டான். இந்திய வம்சத்தில் முதலில் அங்கே ஆடிய சிம் புல்லர் இந்த ஊர்ப் பக்கம்தான், பிராம்ப்டன். ஏழடி ஐந்தங்குலம். அவருக்கே 2015-ல் மூன்று ஆட்டம்தான் கிடைத்தது. இவன் ஸ்கூல் டீமில் நிலைத்தால் போதும்.

டிசம்பரில் வருகிறோம். காலையில் எழுப்பி உன் கோர்ட்டுக்குக் கூட்டிப் போ. கூடைக்குக் கிட்டே ஓடிப்போய்ப் போடும் இடது கை லே-அப் இன்னும் சுத்தமாக வரவில்லை, கோச் சொல்லி அலுத்துவிட்டார், நீ கொஞ்சம் பார். ஷூ அங்கே வாங்க வேண்டாம், அவன் சைஸ் கிடைக்காது. அம்மாவின் கண் ஆபரேஷனுக்குத் திங்கட்கிழமை பணம் போடுகிறேன், டாக்டர் கொடுத்த தேதியை எழுது.

அன்புடன்,
உன் தங்கை