மாணவர்களுக்கான வாசிப்பு, ஒலிப்பதிவுக் கருவிகள்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, குரல் தந்து உதவும் வாசிப்பாளர்களே, மாணவ மாணவியரே, பெற்றோரே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். தேர்வுக் காலத்தில் ஸ்கிரைப்பாக வந்து எழுதித் தந்த கல்லூரி மாணவிகளுக்குச் சங்கத்தின் நன்றி. பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களுக்கும் டிஸ்லெக்சியா எனும் வாசிப்புச் சிரமம் உள்ள பிள்ளைகளுக்கும் எந்தக் கருவியை வாங்கித் தருவது என்பதுதான் இந்த ஆண்டு நம் நேரத்தைப் பெரிதும் எடுத்துக்கொண்டது. அதையே விரிவாகச் சொல்கிறேன்.

எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கருவி வாங்கித் தர ஒரு நன்கொடையாளர் முன்வந்தார். மாணவர்கள் முதலில் கையாண்டு பார்க்கட்டும் என்று கேட்டுக்கொண்டோம். அவரும் பெருந்தன்மையோடு காத்திருந்தார். காத்திருந்ததற்குப் பலன் இருந்தது. முதுகலை வரலாறு படிக்கும் மாணவர், திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படிக்கும் திரைவாசிப்பானான என்விடிஏவில், ஈஸ்பீக் என்ற இயந்திரக் குரலை மிக வேகமாக வைத்துக் கேட்டார். அந்த வேகத்தில் பக்கத்தில் இருந்த எங்களுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அவரோ பக்கம் முடிந்ததும் அதன் சாரத்தை வரிசை பிசகாமல் சொன்னார். எட்டாம் வகுப்புச் சிறுமிக்கு அந்த இயந்திரக் குரல் ஒத்துவரவில்லை. எட்ஜ் உலாவியில் உள்ள ‘பல்லவி’ குரல் நிதானமாகப் படிக்க, படிக்கும் இடம் திரையில் ஒளிர, விரலை அதன் கீழே நகர்த்திக்கொண்டே பாடத்தை முடித்தாள். பல்லவிக்கு இணையம் வேண்டும், ஈஸ்பீக்குக்கு வேண்டாம். சிக்னல் கிடைக்காத விடுதியில் தங்கிப் படிப்பவருக்கு இந்த ஒரு வேறுபாடே போதும், எது தேவை என்று முடிவு செய்ய.

என்விடிஏ இலவசம். பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே விலை உயர்ந்த திரைவாசிப்பானுக்கு நாம் பணம் கட்ட வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. வேலைக்குப் போகும் இடத்தில் ஜாஸ் என்ற கட்டணத் திரைவாசிப்பான்தான் வேண்டும் என்று கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஒலிப்பதிவுக்குக் கைப்பேசி போதுமே என்று சில பெற்றோர் கேட்டார்கள். வகுப்பின் நடுவில் அழைப்பு வந்தால் பல கைப்பேசிகளில் பதிவு நின்றுவிடுகிறது. நின்றது பார்வையற்ற மாணவருக்கு உடனே தெரிவதில்லை. விரலால் தடவி அறியக்கூடிய பொத்தானும், தன் நிலையைக் குரலில் சொல்லும் வசதியும், வேண்டிய இடத்தில் குறியிடும் வசதியும் உள்ள தனி ரெக்கார்டர் கல்லூரி மாணவர்களுக்கு அவசியம். கடைசி பெஞ்சில் வைத்தால் மின்விசிறிச் சத்தம்தான் பதிவாகும். ஆசிரியரிடம் முன்கூட்டியே அனுமதி பெற்று அவர் மேசையிலேயே வைப்பது நல்லது. எம்பி3-யில், ஒற்றைத் தடத்தில், 64 கேபிபிஎஸ் அளவில் பதிந்தால் ஒரு மணி நேரம் 29 எம்பிக்குள் அடங்கும். பேச்சுக்கு இந்தத் தரம் தாராளம்.

எந்தக் கருவியை வாங்கினாலும் படிக்கக் கொடுக்கும் எழுத்து சரியாக இல்லாவிட்டால் பயனில்லை. இதைப் பொதுக்குழு மனத்தில் இருத்த வேண்டும். மாணவர்கள் கொண்டுவந்த பாடக்குறிப்புகளில் பல இன்னும் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவம் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. திரையில் ‘தமிழ்’ என்று தெரிவதற்கு அடியில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி, இவைதான் இருக்கின்றன. திரைவாசிப்பான் அதைத்தானே வாசிக்கும்! தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் யூனிகோடுக்கு அவற்றை மாற்றினால் சிக்கல் அன்றே தீர்கிறது. வெறும் படமாக ஸ்கேன் செய்த பழைய நூல்கள்தான் கடினம். படத்தில் உள்ள எழுத்தை அடையாளம் காணும் எழுத்துணரி மென்பொருள் துணைக்காலையும் ‘ர’வையும் குழப்பிவிடும், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் தடுமாற்றம் இன்னும் அதிகம். ஒருவர் கூடவே உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்தால்தான் மாணவருக்கு உதவும். இந்த வேலைக்கு ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் இருவர் கிடைத்தது நம் பேறு.

பதிப்பாளர் தடுப்பாரோ என்ற தயக்கம் சிலருக்கு இருந்தது. 2012-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்க ஏற்ற வடிவில் நூலை மாற்ற இடம் தருகிறது. அச்சு நூலைப் படிக்க இயலாதோருக்கான சுகம்யா புஸ்தகாலயா இணைய நூலகத்தில் ஏற்கெனவே உள்ள நூலை நாம் மறுபடி செய்ய வேண்டாம். அங்கே தேடிப் பார்த்த பிறகே வேலையைத் தொடங்குவோம்.

தேர்வு குறித்து ஒரு செய்தி. மத்திய அரசின் வழிகாட்டுதல்படி ஒரு மணி நேரத் தேர்வுக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரம் உண்டு. கணினியில் எழுதப் பழகிய மாணவர்கள் அதற்கான விண்ணப்பத்தை முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். கடைசி நாளில் அலைய வேண்டாம்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழுவின் பரிந்துரை மூன்று. மாணவர் தானே கேட்டுப் பார்த்துத் தேர்ந்த பிறகே கருவி வாங்குவது. நன்கொடையில் பாதியை நூல்களை யூனிகோடில் தட்டச்சிடவும் மெய்ப்புப் பார்க்கவும் ஒதுக்குவது. ரெக்கார்டர்களைச் சங்கத்தின் பெயரிலேயே வைத்து, படிப்பு முடிந்ததும் அடுத்த மாணவருக்குக் கொடுப்பது. பாதித் தொகை என்பது அதிகம் என்று நினைக்கும் உறுப்பினர்கள் இப்போதே எழுந்து பேசலாம். அதன்பின் இவற்றை வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.