அப்ரைசல் எழுதுற மேனேஜர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் சார், மேடம்,

போன அப்ரைசல்ல எனக்கு வந்த கமெண்ட் இதுதான்: கவனம் குறைவு, சட்டுனு எரிஞ்சு விழுறார், லீவு ஜாஸ்தி. மூணும் உண்மைதான், மறுக்கல. ஆனா மூணையும் என் குணம்னு எழுதிட்டீங்க பாருங்க, அங்கதான் இடிக்குது. அது குணம் இல்ல, ஆபீஸ் டென்ஷன் உடம்புல செய்யற வேலை.

டென்ஷன் வந்தா அட்ரினலின், கார்டிசோல்ங்கற ஹார்மோன்கள் ஏறும், நெஞ்சு படபடக்கும், ரத்தத்துல சர்க்கரை கூடும், ஓடவோ அடிக்கவோ உடம்பு ரெடியாகுது, ஆபத்து போனதும் எல்லாம் அடங்கிடணும். இங்க ஆபத்து எங்க போகுது? ராத்திரி 11 மணிக்கு "அர்ஜென்ட்"னு மெசேஜ் வருது, பதறிப்போய் திறந்து பாத்தா அடுத்த வாரம் வேண்டிய ஃபைல். மாசக்கணக்கா இப்படியே போனா தூக்கம் கெடும், பிபி ஏறும், பசிக்காமயே கண்டதையும் தின்னத் தோணும், விட்ட சிகரெட் திரும்ப ஒட்டிக்கும், சொன்னது மறக்கும், வீட்ல புள்ள ஏதாச்சும் கேட்டா கூட வள்ளுனு விழுவோம்.

அந்த லீவு விஷயத்துக்கு வரேன். 1991ல ஷெல்டன் கோஹன்ங்கற உளவியல் ஆய்வாளரோட டீம், ஆரோக்கியமா இருந்தவங்க மூக்குல சளி வைரஸ சொட்டு விட்டுப் பாத்தாங்க, ஸ்ட்ரெஸ் ஜாஸ்தி இருந்தவங்களுக்குத்தான் அதிகமா சளி பிடிச்சுது. 1995ல ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர்ங்கற இன்னொரு ஆய்வாளரோட டீம், மறதி நோய் வந்த சொந்தக்காரங்கள பாத்துக்கிட்டு ஸ்ட்ரெஸ்லயே இருந்த பெண்கள் கையில சின்னதா ஒரு காயம் போட்டுப் பாத்தாங்க, மத்தவங்களுக்கு ஆறுனத விட சராசரியா 9 நாள் லேட்டாத்தான் ஆறிச்சு. காயத்துக்குமா ஆட்டிட்யூட் ப்ராப்ளம்?

பெரிய போஸ்ட்ல இருக்கறவனுக்குத்தான் டென்ஷன்னு சொல்லுவீங்க. பிரிட்டன் அரசு ஊழியர்கள வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்த வைட்ஹால் ஆய்வுகள்ல கீழ இருந்தவங்களுக்குத்தான் இதய நோய் அதிகம், தன் வேலையில தனக்கு எந்தப் பிடியும் இல்லாம இருக்கறது அதுல ஒரு பெரிய காரணம்.

அதனால யோகா கிளாஸ் வேணாம் சார் (போன தடவ அதையும் லஞ்ச் டைம்லதான் வெச்சீங்க). எந்த வேலைய முதல்ல முடிக்கறதுன்னு எங்ககிட்ட விடுங்க, ராத்திரி தோணுறத காலையில அனுப்புங்க. அடுத்த தடவ ஒருத்தர "எரிஞ்சு விழுறார்"னு எழுதறதுக்கு முன்னாடி, அந்த மாசம் எத்தனை ராத்திரி அவருக்கு மெசேஜ் போயிருக்குன்னு உங்க போன்லயே கொஞ்சம் எண்ணிப் பாருங்க.