கிணற்றில் இறங்கும் சங்கிலி

ஆசிரியருக்கு,

கேரளத்தின் புனலூர் தொங்கு பாலம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை படித்தேன். கல்லடையாற்றின் மேல் 1877-இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆல்பர்ட் ஹென்றி கட்டி முடித்த பாலம் அது. மக்களுக்குத் திறக்கப்பட்டது 1880-இல். சரி, ஆனால் கட்டுரையும் படங்களும் கல் தூண்களோடு நின்றுவிட்டன. பாலத்தின் உயிர் சங்கிலியில் இருக்கிறது. தூண் சங்கிலியை உயரத்தில் தாங்குகிறதே தவிர, இழுத்துப் பிடிப்பதில்லை. தூண்களைத் தாண்டிச் சரிந்து, கரையிலுள்ள கிணறுகளுக்குள் இறங்கி, அடியில் பூட்டப்பட்டிருக்கிறது சங்கிலி. நடப்பவர் எடையெல்லாம் தொங்கும் கம்பிகள் வழியே சங்கிலிக்கு ஏறி, கடைசியில் அந்தப் பூட்டில்தான் போய்ச் சேரும். அது துருப்பிடித்தால் தூண் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகும்போதெல்லாம் அங்கே இறங்கிவிடுவேன். ஒருமுறை மழை விட்ட நேரத்தில், சங்கிலியின் இரண்டு இரும்புப் பட்டைகள் ஆணியில் சேருமிடத்தைத் தொட்டுப் பார்த்தேன். தண்ணீர் வடியாமல் அந்த இடுக்கிலேயே நின்றது. மற்ற இடமெல்லாம் காய்ந்திருந்தது. பராமரிப்பு என்றால் பலகை மாற்றுவதும் வர்ணம் பூசுவதும் மட்டும் போதாது. ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்ததும் இணைப்பு ஆணிகளையும் கிணற்றுப் பூட்டுகளையும் பொறியாளர்கள் சோதிக்க வேண்டும். அப்புறம், சபரிமலைக்கு அவ்வழியே போகும் நம்மவர்களுக்காக, பாலம் நிற்கும் விதத்தைப் படத்தோடு சொல்லும் பலகை ஒன்றைத் தமிழிலும் வைக்கலாம்.

– ஒரு வாசகர், செங்கோட்டை