பிரிட்ஜ் கோர்ஸை ஒப்புக்கு நடத்தாதீர்கள்: எம்.சி.ஏ. பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழகத்துப் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் எம்.சி.ஏ. பாடத்திட்டம் வகுக்கும் பேராசிரியர்களுக்கு வணக்கம்.

பி.காம். முடித்து, டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி, எம்.சி.ஏ. என்ற கணினி முதுநிலைப் படிப்பு படித்து, இன்று மென்பொருள் வேலையில் இருக்கிறேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். வேறு பாடம் படித்து வருபவர்களுக்குக் கணினி அடிப்படை சொல்லித்தரும் பிரிட்ஜ் கோர்ஸையும் முதல் செமஸ்டர் பாடங்களையும் ஒரே நேரத்தில் ஓட்டாதீர்கள். முதலில் அதை முடியுங்கள், அப்புறம் இதைத் தொடங்குங்கள்.

2020-21 கல்வியாண்டில் எம்.சி.ஏ.வை மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைத்தது தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. அதற்கு முன்பு பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினி அறிவியல் படித்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வழி இருந்தது. மற்றவர்கள் முதலாண்டில் சேர்ந்து அடிப்படையிலிருந்து படித்து வருவார்கள். குறைத்தபோது காணாமல் போனது எந்த ஆண்டு என்று யோசித்துப் பாருங்கள். எங்களுக்கென்று இருந்த அந்த முதலாண்டுதான். ஆனால் கதவை மட்டும் சாத்தவில்லை. பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்த பி.காம்., பி.ஏ. பட்டதாரிகளும் சேரலாம், அந்தந்தப் பல்கலைக்கழக விதிப்படி கூடுதலாகப் பிரிட்ஜ் கோர்ஸ் படிக்க வேண்டும் என்று அப்போதைய விதி சொன்னது. ஓராண்டுப் படிப்பு ஓர் அடைப்புக்குறிக்குள் அடங்கிவிட்டது.

நான் படித்த இடத்தில் அந்த அடைப்புக்குறி எப்படி இருந்தது தெரியுமா? காலையில், தரவுகளை நிரலில் அடுக்கி வைக்கும் முறைகளைச் சொல்லும் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் வகுப்பில் லிங்க்டு லிஸ்ட் (தரவுகளைச் சங்கிலிபோல் கோப்பது) நடக்கும். மாலையில், எல்லோரும் பஸ் பிடிக்கக் கிளம்பியபின், பிரிட்ஜ் வகுப்பில் ஃபார் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் ஆரம்பப் பாடம்) நடக்கும். லிங்க்டு லிஸ்ட் புரிய, தரவு நினைவகத்தில் இருக்கும் முகவரியை வைத்திருக்கும் பாயின்டர் தெரிய வேண்டும். பாயின்டர் வருவதோ பிரிட்ஜ் கோர்ஸின் கடைசி யூனிட்டில்!

காமர்ஸ்காரர்களுக்குக் கணக்கு வராது, அதனால்தான் திணறுகிறார்கள் என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு பேச்சு உண்டு. வணிகக் கணிதத்திலேயே அணிகள், வகையிடல், நிகழ்தகவு எல்லாம் பார்த்துவிட்டுத்தான் வருகிறோம். இடறுவது வேறு இடத்தில். x = x + 1 என்று பள்ளியில் எழுதினால் சிவப்பு மையில் ஒரு சுழி விழும். சி மொழி நிரலில் அது அன்றாடம் வரும் வரி: வலப்பக்கத்தைக் கணக்கிட்டு, வந்த விடையை இடப்பக்கம் உள்ள பெயரில் போட்டு வை என்று கட்டளை. அரே என்ற வரிசையில் இடங்களை 0இலிருந்து எண்ணுவதால், பத்து எண்கள் கொண்ட அரேயில் கடைசி எண்ணின் இடம் 9. தெரியாமல் 10ஐத் தொட்டால், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் பெரும்பாலும் வாயே திறக்காது. நிரல் ஒரு தடவை ஓடும், ஒரு தடவை விழும். இதையெல்லாம் ஒரு மணி நேர வகுப்பில் சொல்லிவிடலாம். கைக்கு வர வாரக்கணக்காகும். அந்த வாரங்களைத்தான் கேட்கிறேன்.

லேபில் நடப்பது உங்களுக்கும் தெரியும். பி.சி.ஏ. படித்த நண்பன் அரைமணி நேரத்தில் முடித்துவிடுவான். அவன் நிரல் அப்படியே நாலு மேசைக்குப் போகும். அவுட்புட் வரும், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து விழும். நண்பனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் இல்லாவிட்டால் எங்களில் பாதிப்பேர் முதல் செமஸ்டரிலேயே மூட்டை கட்டியிருப்போம். ஆனால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) "இந்த வரியை மட்டும் மாற்றிக் காட்டு" என்றால் அவ்வளவுதான்.

நாங்கள் வெறுங்கையோடும் வருவதில்லை. டேட்டாபேஸ் வகுப்பில் டிரான்ஸாக்‌ஷனுக்கு வழக்கமாகக் காட்டும் உதாரணம் வங்கிப் பணமாற்றம். ஒரு கணக்கில் கழிந்து மறு கணக்கில் ஏறாமல் பாதியில் நிற்கக் கூடாது. நடந்தால் இரண்டும் நடக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டுமே நடக்கக் கூடாது. பற்றுக்கு வரவு எழுதாமல் பதிவு முடியாது என்று பதினொன்றாம் வகுப்பிலேயே படித்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டுமா? அன்றைக்கு மட்டும் பி.சி.ஏ. நண்பர்கள் எங்களிடம் சந்தேகம் கேட்டார்கள்.

இனி எங்களைப் போன்றவர்கள் கூடத்தான் செய்வார்கள். நுழைவுத் தேர்வில் தேறினால், இளநிலையில் படித்த பாடம் எதுவாக இருந்தாலும் வேறு துறையில் முதுநிலை படிக்கலாம் என்று 2024இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. வெளியிட்ட முதுநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பு சொல்கிறது.

கலந்தாய்வு முடிந்து வகுப்பு தொடங்க இடையில் நாளே இல்லை என்பீர்கள். சரி, செமஸ்டருக்குள்ளேயே இடம் இருக்கிறது. முதல் நான்கு வாரம் எங்களுக்கு முழுக்க சி நிரலாக்கம், அதிலும் பாதி நேரம் லேபில், ரெக்கார்டு நோட்டு இல்லாமல். டிஸ்கிரீட் மேத்ஸ் முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் நடக்கட்டும், அதற்கு நிரல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் ஐந்தாம் வாரம் தொடங்கட்டும். ஏற்கெனவே சி தெரிந்தவர்களுக்கு அந்த நான்கு வாரத்தில் ஒரு சின்ன புராஜெக்ட் கொடுங்கள், அவர்களும் ஃபார் லூப்பை மறுபடி கேட்டுக் கொட்டாவி விட வேண்டியதில்லை. தேர்வில் "பாயின்டர் என்றால் என்ன? விளக்குக" என்ற கேள்வி வேண்டாம், அதை எவரும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். பிழையுள்ள நிரல் ஒன்றைத் திரையில் காட்டி, சரிசெய்து ஓட்டச் சொல்லுங்கள்.

பாடத்திட்டத்தை முடிவு செய்யும் உங்கள் அடுத்த போர்டு ஆஃப் ஸ்டடீஸ் கூட்டத்தில் இதை அஜெண்டாவில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். குழுவில் பழைய மாணவர் ஒருவருக்கு இடம் இருக்குமே, இந்த முறை அது பி.காம். படித்து வந்த ஒருவராக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு பி.காம்., எம்.சி.ஏ.