நிதானமானது

அன்புள்ள மகனுக்கு,

ஸ்தோத்திரம். அம்மா எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீயும் அப்பாவும் போனில் பேசியதில் பாதிக்குமேல் எனக்கும் கேட்டது. "ஒரு தகப்பன் தன் பிள்ளையை முடிவே இல்லாமல் நெருப்பில் போட்டு வைப்பானா?" என்று நீ கேட்டாய். "வேதத்தில் எழுதியிருக்கிறது, அதைக் கேள்வி கேட்க நீ யார்?" என்றார் அவர். அப்புறம் நீ, பயமுறுத்தித்தான் இத்தனை நாளும் சபைக்கு ஆள் சேர்த்தார்கள் என்றாய். அதோடு அவர் போனை வைத்துவிட்டார். அன்றிலிருந்து இரண்டு பேரும் என்னிடம் மட்டும்தான் பேசுகிறீர்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டு முடிக்கிற பேச்சில் இதையெல்லாம் சொல்ல முடியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ கேட்டதில் தவறு இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் சிநேகிதன் இறந்து இன்னும் மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவன் கிறிஸ்தவன் இல்லை. அவன் இப்போது எங்கே இருப்பான் என்று ஒருவர் வசனத்தோடு உனக்கு விளக்கினார் என்று நீ என்னிடம் சொன்னபோது உன் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கு அது தெரியாது. சிநேகிதனைப் பற்றி நீ அவரிடம் சொல்லவே இல்லை. நேராக நரகத்தைப் பற்றித்தான் கேட்டாய். தன் விசுவாசத்தின் மேலேயே நீ கை வைத்ததாக அவர் எடுத்துக்கொண்டார்.

சபை என்றைக்குமே நரகத்தைப் பற்றி ஒரே விதமாகத்தான் போதித்தது என்று அவர் நினைக்கிறார். அதெல்லாம் பிற்காலத்தில் கட்டிவிட்ட கதை என்று நீ நினைக்கிறாய். இரண்டுமே உண்மை இல்லை. மத்தேயு 25:46-ல் 'நித்திய ஆக்கினை', 'நித்திய ஜீவன்' என்று ஒரே வசனத்தில் இரண்டும் வருகின்றன; கிரேக்க மூலத்திலும் 'நித்திய' என்பதற்கு ஒரே சொல்தான். ஜீவனுக்கு முடிவில்லை என்றால் ஆக்கினைக்கும் முடிவில்லை என்று ஐந்தாம் நூற்றாண்டில் அகஸ்டின் என்ற பேராயர் வாதாடியது அதை வைத்துத்தான். அது லேசாகத் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை. அதே மத்தேயுவில் 10:28-ல், ஆத்துமாவையும் சரீரத்தையும் நரகத்தில் 'அழிக்க' வல்லவருக்குப் பயப்படுங்கள் என்று இயேசு சொல்கிறார். அழிவது என்றால் இல்லாமல் போவதுதானே என்று கேட்கிறவர்கள் அந்த வசனத்தைத்தான் காட்டுகிறார்கள். இன்னொரு பக்கம் கொலோசெயர் 1:20, சிலுவையினாலே எல்லாவற்றையும் ஒப்புரவாக்குவதைப் பற்றிப் பேசுகிறது. கடைசியில் எல்லாரும் சீராக்கப்படுவார்கள் என்று நம்பிய நிசாவின் கிரகோரி நான்காம் நூற்றாண்டுப் பேராயர். சபை இன்றுவரை பரிசுத்தவானாக மதிக்கிறவர். நீ கேட்ட கேள்வியைச் சபைக்குள்ளேயே இருந்து, வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டவர்கள் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன். பெரும்பான்மை அகஸ்டின் பக்கம்தான் நின்றது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

325-ல் நிசேயா நகரத்தில் கூடிய சபைச் சங்கத்தில் உருவாகி 381-ல் விரிவான விசுவாசப் பிரமாணத்தை எடுத்துப் பார். உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க அவர் வருவார் என்று இருக்கிறது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு தண்டனை எந்த வடிவில், எவ்வளவு காலம் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. நியாயத்தீர்ப்பு உண்டு என்பதை நான் என் முழு பலத்தோடும் பிடித்திருக்கிறேன். அநியாயமாகச் செத்தவர்களுக்கு எங்கேயும் நீதி கிடைக்காது என்று நம்பிக்கொண்டு என்னால் ஜெபிக்க முடியாது. ஆனால் அது எப்படி இருக்கும் என்பதில் என் பிடி அவ்வளவு இறுக்கம் இல்லை. இரண்டையும் ஒரே குரலில் சொன்னால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம்.

நான் உன்னிடம் கேட்பது அந்த ஒன்றைத்தான். எதைச் சொன்னாலும் அதை நீ எவ்வளவு நிச்சயமாகப் பிடித்திருக்கிறாயோ அந்த அளவோடு சொல். ஜான் ஸ்டாட் என்ற போதகரை அப்பாவுக்கும் பிடிக்கும். துன்மார்க்கர் என்றென்றைக்கும் வேதனைப்படாமல் கடைசியில் அழிந்துபோவார்கள் என்ற பக்கம் தன் மனம் சாய்வதாக 1988-ல் அவர் எழுதினார். அடித்துச் சொல்லவில்லை. வேதம் இப்படியும் வாசிக்க இடம் தருகிறது, இதைச் சேர்ந்து பேசுவோம் என்றுதான் கேட்டார். அத்தனை வருஷம் பிரசங்கம் செய்த ஒருவர் தன் நிச்சயத்தின் அளவை மறைக்காமல் சொன்னது எனக்குப் பெரிய காரியமாகத் தெரிகிறது.

எல்லாவற்றையும் இழந்து கிடந்த யோபுவின் சிநேகிதர்களை நினைத்துப் பார். வந்ததும் ஏழு நாள் இராப்பகலாக ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்லவர்கள். வாயைத் திறந்த பிறகு அவர்கள் சொன்னதில் பெரும்பகுதி, தனியாக எடுத்து வாசித்தால், பிரசங்கத்தில் சொல்லக்கூடியதுதான். தேவன் நீதியுள்ளவர், பாவத்துக்குத் தண்டனை உண்டு, மனந்திரும்பு. தேவனுக்காகத்தான் வாதாடினார்கள். கடைசியில் அந்தத் தேவனே, நீங்கள் என்னைக்குறித்து 'நிதானமானதைப் பேசவில்லை' என்று அவர்கள்மேல் கோபப்படுகிறார். கூச்சல் போட்டுச் சண்டைபோட்ட யோபுதான் நிதானமானதைப் பேசினவனாம். மெதுவாகப் பேசுவதைத்தான் இப்போது நிதானம் என்கிறோம். இந்த வசனத்தில் வருவது பழைய பொருள்: அளவு பிசகாமல், உள்ளது உள்ளபடி சொல்வது. கோபமாகக்கூட நிதானமானதைப் பேசலாம் என்று யோபுவைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது.

எனக்கு இது புரிந்தது லேசாக இல்லை. நீ சின்னப் பையனாக இருந்தபோது, பெண்கள் வேதபாடத்துக்கு ஓர் இளம்பெண் வந்துகொண்டிருந்தாள். பிறந்த மூன்றாம் நாளே அவளுடைய குழந்தை போய்விட்டது, ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. ஒரு நாள் எல்லாரும் போன பிறகு நின்று, "என் பிள்ளை எங்கே அக்கா?" என்று கேட்டாள். நான் அரை மணி நேரம் விளக்கினேன். குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்கிற சபைகள் என்ன சொல்கின்றன, விசுவாசித்த பிறகுதான் கொடுக்கவேண்டும் என்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள், அப்போஸ்தலர் 16-ல் வீட்டார் அனைவரும் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்பதில் குழந்தைகளும் அடக்கமா என்று எல்லாவற்றையும். நான் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அவள் அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நான் தேடிப் போனபோது வீட்டை மாற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அவள் கேட்டது ஞானஸ்நானத்தைப் பற்றி இல்லை என்பது எனக்கு அன்று ராத்திரிதான் உறைத்தது. இன்றைக்கும் அவளுக்காக ஜெபிக்கிறேன். உன் சிநேகிதனைப் பற்றி உன்னிடம் வசனம் சொன்னவர்மேல் உனக்கு வந்த கோபம் நியாயமானது. ஆனால் நான் அவரை வெறுக்க மாட்டேன். அவர் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, அம்மா எல்லாக் கேள்விக்கும் 'இதுவும் சரி, அதுவும் சரி' என்று சொல்கிறாள் என்று நினைத்துவிடாதே. பவுலைப் பார். ரோமர் 14-ல், ஒருவன் எதையும் சாப்பிடலாம் என்கிறான், இன்னொருவன் மரக்கறி மட்டும்தான் என்கிறான், ஒருவரையொருவர் குற்றவாளியாகத் தீர்க்காதிருங்கள் என்கிறார். அதே பவுல் அந்தியோகியாவில், பேதுரு யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு விலகினபோது, எல்லாருக்கும் முன்பாக முகமுகமாய் எதிர்த்தார் என்று கலாத்தியர் 2 சொல்கிறது. இரண்டும் சாப்பாட்டு விஷயம்தான். தன்னோடு ஊழியம் செய்த தீத்துவுக்கு யூத முறைப்படி விருத்தசேதனம் செய்யவேண்டும் என்று சிலர் கட்டாயப்படுத்தியபோது ஒரு நாழிகைகூட இணங்காதவர், இன்னொரு உடன் ஊழியனான தீமோத்தேயுவுக்கு அவரே விருத்தசேதனம் செய்தார். முன்பெல்லாம் இது எனக்கு முரண்பாடாகப் பட்டது. இப்போது வேறு மாதிரி வாசிக்கிறேன். ரோமாபுரியில் ஒவ்வொருவனும் தன் மனச்சாட்சிக்காகச் சாப்பிட்டான், சாப்பிடாமல் இருந்தான். அந்தியோகியாவில் பேதுரு விலகியதால் புறஜாதி விசுவாசிகள் பந்திக்கு வெளியே நிற்கவேண்டி வந்தது. ஒரு கருத்து யாரை வெளியே தள்ளுகிறது என்று பவுல் பார்த்தார்.

அடிமை முறையைப் பற்றி அமெரிக்க சபைகள் சண்டைபோட்ட காலத்தில் இரு பக்கமும் வேதத்தைத்தான் காட்டினார்கள். ஓர் அடிமையை அவன் எஜமானிடம் திருப்பி அனுப்பி, சகோதரனாக ஏற்றுக்கொள் என்று பவுல் பிலேமோனுக்கு எழுதின நிருபத்தையே இரண்டு பக்கமும் பயன்படுத்தினார்கள். அடிமை வைத்திருப்பவரை மிஷனரியாக அனுப்பலாமா என்ற தகராறில்தான் 1845-ல் தெற்கத்திய பாப்டிஸ்டுகள் தனியாகப் பிரிந்தார்கள். அதற்காக மன்னிப்புக் கேட்டு அவர்கள் தீர்மானம் போட்டது 1995-ல், நூற்றைம்பது வருஷம் கழித்து. அந்தக் காலத்தில், இதில் அவசரம் வேண்டாம், இரு பக்கத்தையும் யோசிப்போம் என்று சொன்ன நல்ல மனிதர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். சங்கிலியில் கிடந்தவனுக்கு அந்தப் பொறுமையால் என்ன பயன்? சில கேள்விகளில் நடுவில் நிற்பதே ஒரு பக்கம் சேர்வதுதான். எது அப்படிப்பட்டது என்று கண்டுபிடிப்பது கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். பெண்கள் பிரசங்கம் செய்யும் விஷயத்தில் என் நிலை உனக்குத் தெரியும். பெண் உபதேசிக்க அனுமதி இல்லை என்கிற 1 தீமோத்தேயு 2:12-ஐ நான் மறைத்துவிட்டுப் பேசுவதில்லை. ஆனால் ரோமர் 16-ல் சபைக்கு ஊழியக்காரியான பெபேயாளும் அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்ற யூனியாவும் இருக்கிறார்கள். அதில் நான் அப்பாவோடு இருபது வருஷமாக ஒத்துப்போகவில்லை. ஆனாலும் ராத்திரி ஜெபத்தில் ஒன்றாகத்தான் உட்காருகிறோம்.

1529-ல் ஜெர்மனியின் மார்பர்க்கில், சபைச் சீர்திருத்தத்தின் தலைவர்களான லூத்தரும் ஸ்விங்லியும் கூடிப் பேசினார்கள். பதினைந்து விஷயங்களில் பதினான்கில் ஒத்துப்போனார்கள். கர்த்தருடைய பந்தியில் கிறிஸ்துவின் சரீரம் எப்படி இருக்கிறது என்ற கடைசி விஷயத்தில் ஒரு பகுதி மட்டும் நின்றுவிட்டது. 'இது என் சரீரம்' என்ற வார்த்தைகளை லூத்தர் மேஜையில் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்துக்கொண்டுதான் பேசினாராம். ஸ்விங்லி கண்ணீரோடு சகோதர ஐக்கியம் கேட்டும் அவர் சம்மதிக்கவில்லை. இரண்டு வருஷத்தில் ஸ்விங்லி போர்க்களத்தில் செத்துப்போனார். லூத்தரின் பாடல்களைப் பாடி வளர்ந்தவள் நான். இந்த இடம் வரும்போது மட்டும் மனம் கனத்துவிடும்.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பிரசங்கிகளான வெஸ்லியும் விட்ஃபீல்டும் முன்குறித்தலைப் பற்றி, அதாவது யார் இரட்சிக்கப்படுவார் என்று தேவன் முன்னமே தீர்மானித்துவிட்டாரா என்பதைப் பற்றி, இதைவிட மோசமாகச் சண்டைபோட்டவர்கள். பகிரங்கமாக எதிரெதிரே எழுதி அச்சிட்டார்கள். கருத்தில் இருவரும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. ஆனால் 1770-ல் விட்ஃபீல்ட் இறந்தபோது அவருக்காக லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி. அது விட்ஃபீல்டே விரும்பிக் கேட்டிருந்தது. தன் சவ அடக்கப் பிரசங்கத்தைச் செய் என்று கேட்கும் அளவுக்கு ஓர் எதிராளியை நம்பினார் என்றால், அந்த நம்பிக்கை ஒரே நாளில் வந்திருக்காது.

சரி, அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று. இதைச் சொல்ல அவரிடம் அனுமதி கேட்டுவிட்டேன். பத்தொன்பது வயதில் அவர் உன் பெரியப்பாவை ஏமாற்றிப் பணம் எடுத்திருந்தார். யாருக்கும் தெரியாது. நியாயத்தீர்ப்பைப் பற்றி ஒரு பிரசங்கம் கேட்டுவிட்டு அன்று இரவே போய் அவர் காலில் விழுந்து சொல்லிவிட்டார். தன் வாழ்க்கை திரும்பியது அந்த ராத்திரியில்தான் என்பது அவருடைய சாட்சி. பயமுறுத்தி ஆள் சேர்த்தார்கள் என்று நீ சொன்னபோது அவர் காதில் விழுந்தது அந்த ராத்திரியைப் பற்றிய பேச்சாகத்தான் இருந்திருக்கும். நீ அதை நினைத்துச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். உன் சிநேகிதனைப் பற்றி அவருக்குத் தெரியாமல் இருந்த மாதிரி உனக்கும் இது தெரியாமல் இருந்தது.

உன் விஷயத்தை நான் அவரிடம் சொல்லவில்லை. அது நீ சொல்லவேண்டியது. வருகிற ஞாயிறு சாயங்காலம் கூப்பிடு. நான் போனை எடுத்ததும் அவரிடம் கொடுத்துவிடுவேன். நரகத்தைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளுங்கள், எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும். முதலில் உன் சிநேகிதன் எப்படிப்பட்டவன் என்று அவருக்குச் சொல். அவன் பெயரைச் சொல், அப்பா அவன் வீட்டாருக்காக ஜெபிக்கட்டும்.

ஜெபத்துடன்,
அம்மா