ஏற்காடு மலைப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியோரே, வணக்கம்.

சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் காப்பித் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளிலும் பல ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். ஆபத்து நேரத்தில் உதவிக்கு அழைக்க நம் பிள்ளைகளைப் பழக்க வேண்டும் என்று கேட்டே இம்மடலை எழுதுகிறேன்.

காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் ஒரு நாள், பெற்றோர் தோட்டத்தில் இருந்த நேரத்தில், சர்க்கரை நோயுள்ள பாட்டி மயங்கி விழ, மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வீட்டிலிருந்த கைபேசியில் 108-ஐ அழைத்துவிட்டாள். எந்த ஊர் என்று கேட்டதற்கு "லைன் வீடு" என்றாள். மறுபடியும் கேட்டபோது, தன்னைத் திட்டுகிறார்கள் என்று பயந்து இணைப்பைத் துண்டித்துவிட்டாள். வேலை முடிந்து வந்த பக்கத்து வீட்டு அம்மா மீண்டும் அழைத்த பிறகே வண்டி வந்தது. பாட்டி பிழைத்துக்கொண்டார், ஆனாலும் எண் தெரிந்த குழந்தைக்குத் தன் இடத்தைச் சொல்லத் தெரியாமல் போன அந்த நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை.

நம் மலையில் பல வீடுகளுக்குக் கதவு எண் இல்லை, தெருப் பெயரும் இல்லை. ஆகவே ஒவ்வொரு குழந்தையும் தாலுகா, ஊராட்சி, ஊர், தோட்டத்தின் பெயர், அருகிலுள்ள கோயிலோ பள்ளியோ ரேஷன் கடையோ ஆகியவற்றை ஒரே மூச்சில் சொல்லும் அளவுக்குப் பழக வேண்டும். சேலத்திலிருந்து ஏறும் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்தில் எண்ணிக்கொண்டே வரும் பிள்ளைகள் இவர்கள். வழியில் விபத்தைக் கண்டால் எத்தனையாவது வளைவு என்று சொல்ல அவர்களால் முடியும். சிக்னல் கிடைக்கும் பாறையும் மேடும் எங்கே என்பதும் அவர்களுக்கே நன்றாகத் தெரியும்.

எண்ணைக் கற்பிப்பதிலும் ஒரு கவனம் தேவை. நாம் "நூற்றெட்டு" என்கிறோம். எண்களைப் புதிதாகப் படிக்கும் குழந்தை நூறை எழுதி, அதன் பின்னால் எட்டைச் சேர்த்து 1008 என்று அழுத்திவிடும். "ஒன்று, பூஜ்யம், எட்டு" என்று விரல் வைத்து அழுத்தியே பழக்குங்கள். காவல், தீயணைப்பு, மருத்துவம் மூன்றுக்கும் பொதுவான 112-ஐயும், குழந்தைகளுக்கான 1098-ஐயும் அதே முறையில் சொல்லிக்கொடுங்கள். பூட்டியிருக்கும் கைபேசியிலும் அவசர அழைப்புக்கான பொத்தான் இருப்பதைக் காட்டுங்கள். கடவுச்சொல் தெரியாமல் திகைத்து நிற்கும் பிள்ளைகள் ஏராளம்.

மறுமுனையில் இருப்பவர் கேள்வி கேட்பது திட்டுவதற்கு அல்ல, வண்டியை அனுப்புவதற்கே என்பதையும், அவர் சொல்லும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்பதையும் நடித்துக் காட்டினால்தான் மனதில் நிற்கும். ஆசிரியர் மறுமுனையில் பேசுபவராகவும் குழந்தை அழைப்பவராகவும், உண்மையான எண்ணை அழுத்தாமல், அட்டையில் வரைந்த கைபேசியை வைத்துக்கொண்டு பேசிப் பார்க்கலாம். தவறுதலாக அழைத்துவிட்டால் பயந்து ஓடாமல் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பதும் இந்தப் பாடத்தில் சேரட்டும்.

அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை விவாதித்து, காப்பிப் பருவம் தொடங்கும் முன்னரே ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் அழைத்தால் எந்தப் பள்ளிக்கும் நானே வந்து உடனிருந்து சொல்லித்தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
ஏற்காடு