அடையாள அட்டை இல்லாத வாசகன்

ஆசிரியருக்கு,

‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியை இரண்டு முறை படித்தேன். மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாயில், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை 6,300-க்கும் மேற்பட்ட அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் இருப்பவர்கள் இணையத்தில் படிக்க மத்திய அரசு சந்தா கட்டுகிறது. கணக்கு பெரிதுதான். என்னைப் போன்றவனுக்கு அதில் இடம் இல்லை.

அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். காலரா சந்தேகம் என்று வரும் மாதிரியை டி.சி.பி.எஸ். என்ற வளர்ப்பூடகம் (கிருமியை வளர்க்கும் சத்துக் கலவை) ஊற்றிய தட்டில் லூப் என்னும் கம்பி வளையத்தால் கோடிழுத்து இன்குபேட்டரில் வைப்பேன். காலராவாக இருந்தால், மறுநாள் காலையில் பச்சைத் தட்டில் மஞ்சள் மஞ்சளாகக் கிருமிக் கூட்டங்கள் முளைத்திருக்கும். அறிக்கையை எழுதிக் கையெழுத்துக்கு அனுப்பினால் என் வேலை முடிந்தது. அந்தக் கிருமி குடலுக்குள் என்ன செய்து ஆளை ஒரே நாளில் வற்றவைக்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

ஓய்வுக்குப் பிறகுதான் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். கல்கத்தாவின் மருத்துவ ஆய்வாளர் சம்புநாத் டே, முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இருபுறமும் நூலால் கட்டி, நடுவே காலரா கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அந்தக் குடல் துண்டு நீர் கோத்து உப்பியிருந்தது. இது 1953-இல். 1959-இல் கிருமிகளை வடிகட்டி நீக்கிய வெறும் திரவத்தைச் செலுத்தினார், அப்போதும் உப்பியது. ஆளை வற்றவைப்பது கிருமி வெளியிடும் நஞ்சுதான் என்பது அப்படித் துலங்கியது. ஒரு முயல், கொஞ்சம் நூல்! அதைவிட விலையுயர்ந்த கருவிகள் எங்கள் ஆய்வகத்தில் உறை போட்டுத் தூங்கின.

எனக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். அதனால் செய்முறைப் பகுதியைத்தான் முதலில் படிப்பேன்: எந்த வளர்ப்பூடகம், எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம். அது எனக்குப் பழகிய பாஷை. கடைசிப் பகுதியில் ஆய்வாளர்கள் அடித்துக்கொள்ளும் தம்பட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ‘கரண்ட் சயின்ஸ்’ என்ற அறிவியல் ஆய்விதழின் பழைய இதழ்களையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழையும் இணையத்தில் இலவசமாகப் படிக்க முடிகிறது. வேறு பலவற்றில் கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் காட்டிவிட்டு, மீதிக்கு டாலரில் விலை சொல்கிறார்கள். சுருக்கத்தில் செய்முறை எங்கே இருக்கும்?

ஓர் அரசுக் கல்லூரி நூலகத்தில் போய்க் கேட்டேன். “மாணவரா, ஆசிரியரா?” என்றார் நூலகர். இரண்டும் இல்லை என்றேன். அடையாள அட்டை இல்லாதவர் கணினியில் உட்கார விதி இல்லையாம். அவரைக் குறை சொல்லமாட்டேன். வெயிலில் வந்தவன் என்று தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்பினார்.

பாளையங்கோட்டையில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. அங்கே ஒரே ஒரு கணினியில் இந்தச் சந்தாவைத் திறந்துவிட்டால் போதும். பதிவிறக்கம்கூட வேண்டாம், நோட்டில் எழுதிக்கொள்வேன்.

– ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர், பாளையங்கோட்டை